மரத்த காலில் எரியும் வலி: நரம்பு வலியை வகைப்படுத்திய வரலாறு

சேலத்திற்கு மேற்கே, கஞ்சமலைக்கு அருகில் அமைந்துள்ள இளம்பிள்ளையைத் தமிழகத்துப் பெண்கள் சேலையின் பெயரால் அறிவர். தெருவுக்குத் தெரு விசைத்தறியின் ஓசை கேட்கும் ஊர் அது. சென்ற ஆண்டு நம் இல்லத்துத் திருமணம் ஒன்றுக்குச் சேலை எடுக்க அங்கே சென்றிருந்தபோது, நண்பரான வணிகர் ஒருவர் தமக்கு நெய்து தரும் முதியவரின் வீட்டிற்கு நம்மை அழைத்துச் சென்றார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தறியில் உழைத்தவர். குழித்தறியில் தொடங்கி விசைத்தறியில் ஓய்ந்தவர். சர்க்கரை நோய் பிடித்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்றார். திண்ணையில் அமர்ந்திருந்த அவர், ஈரத் துணி ஒன்றைத் தம் பாதங்களில் சுற்றியிருந்தார். காரணம் கேட்டோம்.

"ரெண்டு காலும் மரத்துக் கெடக்குதுங்க பாய். செருப்பு கழண்டு போனாக்கூடத் தெரியறதில்ல. ஆனா ராத்திரியானா மொளகாய அரைச்சுப் பூசுன மாதிரி எரியுதுங்க. போர்வை பட்டாக்கூடப் பொறுக்க முடியறதில்லீங்க" என்றார்.

இதையே அவர் ஒரு மருத்துவரிடமும் கூறியிருக்கிறார். மரத்துப்போன காலில் வலி எப்படி வரும் என்று அவர் திருப்பிக் கேட்டுவிட்டு, வழக்கமான வலிமாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டாராம். முதியவர் அந்த மாத்திரையை இரண்டு ஆண்டுகள் விழுங்கியிருக்கிறார். எரிச்சல் தணியவில்லை. நம்மைப் பார்த்து அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நான் சொல்றது பொய்யாங்க?"

மருத்துவம் பயின்றவரல்லர் நாம். அரபுக் கல்லூரியில் பாடம் நடத்துபவர். ஆயினும் அந்தக் கேள்வி வீடு திரும்பிய பின்னும் நம்மை விடவில்லை. ஏனெனில் மரத்த நிலையையே வலியின் ஒரு வகையாக எழுதிவைத்த நூல் ஒன்று நம் அலமாரியில் இருந்தது. அதன் வயது ஓராயிரம் ஆண்டு. உணர்விழந்த உறுப்பும் வலிக்கும் உறுப்பும் ஒன்றாக இருக்கக் கூடும் என்பதை மருத்துவ உலகம் எழுதிவைத்தது, விட்டுவிட்டது, பின்னர் மீண்டும் கண்டெடுத்தது. அந்த வரலாற்றையே இங்கே சொல்ல முற்படுகிறோம்.

நாம் மத்ரஸாவில் ஓதிய காலத்தில் இப்னு சீனா என்ற பெயரை மன்திக் பாடத்திலும், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களால் மறுக்கப்பட்ட தத்துவவாதிகளின் பட்டியலிலும்தான் கேட்டோம். கஸ்ஸாலி அவர்கள் தத்துவவாதிகளின் இறையியலை மறுத்தார்களேயன்றி மருத்துவத்தை மறுக்கவில்லை என்பதை எடுத்துச் சொல்ல அப்போது எவருமில்லை. பின்னர் முதுகலைப் படிப்பின்போதுதான் 'அல்கானூன் ஃபித் திப்' நூலின் முதற்பாகத்தைப் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு வந்தது. ஹிஜ்ரி 370 (கி.பி. 980) அளவில் புகாராவை அடுத்த சிற்றூரில் பிறந்து, 428இல் (கி.பி. 1037) ஹமதானில் இறந்த இப்னு சீனா, தம் வாழ்வின் பிற்பகுதியில் முடித்த நூல் அது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரெமோனாவின் ஜெரார்ட் தொலைதோவில் அதை இலத்தீனில் பெயர்த்தார். அதன்பின் பல நூற்றாண்டுகள் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடநூலாக அது விளங்கியது. சென்னை அரும்பாக்கத்தில் 1979ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் அரசு யூனானி மருத்துவக் கல்லூரியின் மரபுக்கும் அதுவே அடித்தளம்.

அந்நூலின் முதற்பாகத்தில், நோய்க் காரணங்களைப் பேசுமிடத்தில், வலி பற்றிய சில இயல்கள் உள்ளன. உடலுக்கு ஒவ்வாத ஒன்று நேர்வதை உணர்வதே வலி என்று இப்னு சீனா தொடங்குகிறார். காயத்தையோ வீக்கத்தையோ கொண்டு அவர் வலியை வரையறுக்கவில்லை. உணர்தலைக் கொண்டே வரையறுக்கிறார். பிறகு பெயருள்ள வலிகள் பதினைந்து என்று கூறி ஒவ்வொன்றையும் எண்ணுகிறார். அரபுப் பெயர்களைத் தமிழில் பெயர்க்க முயன்றபோது நமக்கே வியப்பாயிற்று. அகராதியைப் புரட்ட வேண்டிய தேவை பெரும்பாலும் எழவில்லை. நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லும் சொற்களே போதுமானவையாய் இருந்தன. 'ஹக்காக்' என்பது நமைச்சலோடு கூடிய வலி. 'நாகிஸ்' குத்தல். 'ழாகித்' அமுக்கல். 'முமத்தித்' இழுப்பு. 'ஸாகிப்' என்றால் துளைப்பது. நம்மவர் 'குடைச்சல்' என்பது இதுவே. 'ழரபானி' நாடி அடிப்பதுபோல் விண்விண்ணென்று தெறிப்பது. 'ஸகீல்' பாரம். 'இஃயாஈ' உழைத்துக் களைத்த உடம்பின் உளைச்சல். 'லாதிஃ' சுரீரென்று கடித்து எரிப்பது. 'மிஸல்லீ' என்ற சொல்லில்தான் சற்று நின்றோம். 'மிஸல்லா' என்பது சாக்குத் தைக்கும் பெரிய ஊசி, நம்மூர்க் கோணியூசி. கோணியூசி ஏறி அங்கேயே தங்கிவிட்டாற்போன்ற வலி அது. சொரசொரப்பு, பிய்த்தல், முறித்தல், தளர்வு ஆகியவையும் பட்டியலில் உண்டு. அவற்றைக் கடந்து பதினொன்றாவதாக வருவது 'கதிர்' (இது நெற்கதிர் அன்று, தொண்டையில் பிறக்கும் 'கா' என்ற எழுத்தில் தொடங்கும் சொல்). மரத்துப்போன வலி என்பதே அதன் பொருள்.

வலியின் பட்டியலில் மரத்தலுக்கு என்ன வேலை? இப்னு சீனா அதற்குக் காரணமும் கூறுகிறார். உறுப்பில் கடுங்குளிர்ச்சி மிகுந்திருக்கலாம். அல்லது நரம்பின் வழியாக அவ்வுறுப்புக்குச் செல்லும் உணர்வாற்றலின் பாதை அடைபட்டிருக்கலாம். அல்லது நாளங்கள் நிரம்பியிருக்கலாம் என்கிறார். குளிர்ச்சி, வெப்பம் என்ற அவருடைய கணக்கை இன்று எவரும் ஏற்பதில்லை, ஏற்க வேண்டியதுமில்லை. ஆனால் நரம்பின் பாதையில் நேரும் கோளாறு மரத்தலையும் வலியையும் ஒருசேரத் தரக்கூடும் என்ற எண்ணம் அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

இப்பட்டியல் வெறுமையிலிருந்து பிறந்ததன்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் ஜாலீனூஸ், 'பாதிக்கப்பட்ட உறுப்புகள்' பற்றிய தம் நூலில், தமக்கு முந்திய அர்கிஜெனிஸ் என்ற மருத்துவரோடு இதே பொருளில் வழக்காடியிருக்கிறார். அர்கிஜெனிஸ் உப்பான வலி, இனிப்பான வலி, துவர்ப்பான வலி என்றெல்லாம் பெயர் சூட்டினார். நாவின் சுவையை வலிக்குச் சூட்டினால் யாருக்கு என்ன விளங்கும் என்பது ஜாலீனூஸின் சினம். நோயாளிகள் தாமாகவே சொல்லுகின்ற, கேட்டவுடன் விளங்குகின்ற சொற்களே மருத்துவத்திற்கு உதவும் என்பது அவர் கட்சி. அதே நூலில் ஒரு நிகழ்ச்சியையும் சொல்கிறார். சிரியாவைச் சேர்ந்த ஒருவருக்குக் கையின் சிறுவிரலும் மோதிரவிரலும் நடுவிரலின் பாதியும் மரத்துப்போயின. மருத்துவர்கள் விரல்களுக்கே மருந்து பூசிக்கொண்டிருந்தனர். ஜாலீனூஸ் விசாரித்தபோது, அம்மனிதர் முன்பு வண்டியிலிருந்து விழுந்து முதுகின் மேற்பகுதியில் அடிபட்டது தெரியவந்தது. விரலுக்கு இட்ட அதே மருந்தை முதுகெலும்பில் இடச்செய்தார், விரல் தேறியது. உணரும் இடம் ஒன்று, கோளாறு உள்ள இடம் வேறு என்ற நரம்பியலின் முதற்பாடம் அது. ஹிஜ்ரி 260 (கி.பி. 873) அளவில் மறைந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவருடைய குழுவினரும் ஜாலீனூஸின் நூல்களை அரபியில் ஆக்கியிராவிடில் இப்னு சீனாவின் கைக்கு இவை எட்டியிரா.

ஆனால் மாணவர் ஆசிரியரோடு ஓரிடத்தில் முரண்பட்டார். வலியின் நேரடிக் காரணம் 'தஃபர்ருகுல் இத்திஸால்' ஒன்றே, அதாவது உடலின் தொடர்ச்சி அறுபடுவதே, என்பது ஜாலீனூஸின் கொள்கை. வெட்டு, கிழிசல், நசுக்கல் எல்லாம் அதில் அடங்கும். இப்னு சீனா இதை மறுத்து, உறுப்பின் தன்மை திடீரென மாறுவதும் தனித்தே வலி தரும் என்றார். அவர் காட்டும் ஏரணம் கூர்மையானது. வலி சில வேளை உறுப்பு முழுவதும் ஒரே சீராகப் பரவியிருக்கிறது. ஆனால் கிழிசல் ஒருபோதும் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்க முடியாது. எனவே கிழிசலின்றியும் வலி உண்டு. மேலும், மாற்றம் உடலில் நிலைபெற்றுப் பழகிவிட்டால் உணர்வு குன்றிவிடும் என்றும் சொன்னார். நாட்பட்ட உள்காய்ச்சலுடையவர், விட்டுவிட்டு வரும் காய்ச்சலுடையவரைவிட உண்மையில் அதிக வெப்பமுடையவராயிருந்தும் குறைவாகவே வெப்பத்தை உணர்வதை அவர் எடுத்துக்காட்டினார். இந்தப் பிற்பகுதி நாட்பட்ட நரம்பு வலிக்குப் பொருந்தாது. அது பழகப் பழக மங்குவதில்லை. பலருக்கு ஏறவே செய்கிறது. முற்பகுதியோ, காயமின்றி வலி உண்டு என்பதால், இன்றைய ஆய்வின் வாசலருகே வந்து நிற்கிறது.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. இத்தகைய செய்திகளைக் கண்டவுடன், நவீன மருத்துவம் முழுவதையும் நம்மவர்களே கண்டுபிடித்துவிட்டதாக மேடையில் முழங்குவோர் உளர். அது இப்னு சீனாவுக்குச் செய்யும் மரியாதையாகாது. அவருக்கு நரம்பின் உள்ளே மின்துடிப்பு ஓடுவது தெரியாது. முதுகுத்தண்டில் நிகழ்வது தெரியாது. அவர் செய்தது, நோயாளி வாய்விட்டுச் சொன்னதைப் பொய்யென்று தள்ளாமல் பட்டியலில் எழுதியது. அதன் பெருமை அதற்குப் போதும்.

பதினேழாம் நூற்றாண்டில் கதை வேறு திசையில் திரும்பியது. டேக்கார்ட் எழுதி, அவர் இறந்த பின் 1664இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த மனித உடலைப் பற்றிய நூலில், வலி என்பது கயிற்றின் ஒரு முனையை இழுத்தால் மறுமுனையில் மணி அடிப்பது போன்றது என்ற விளக்கம் வந்தது. எளிய விளக்கம், நெடுங்காலம் நிலைத்தது. தீ காலைச் சுட்டால் மூளையில் மணி அடிக்கிறது. சரி; கயிறு அறுந்துவிட்டால்? மணி அடிக்கக் கூடாதல்லவா? மரத்த காலில் வலி எப்படி என்று இளம்பிள்ளை முதியவரிடம் கேட்டவர், தம்மை அறியாமலே டேக்கார்ட்டின் மாணவராகப் பேசியிருக்கிறார்.

கயிறு அறுந்த பின்னும் மணி அடிப்பதைக் கண்டு சொன்னவர்கள் போர்க்கள மருத்துவர்கள். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் துப்பாக்கிக் குண்டு பட்ட வீரர்களைப் பிலடெல்ஃபியாவில் கவனித்த சைலஸ் வீர் மிச்சல், காயம் ஆறிய பிறகும் கை தீப்பற்றியதுபோல் எரிவதாக அவர்கள் கதறியதைப் பதிவுசெய்தார். காற்றுப் பட்டாலும் தாள் அசைந்தாலும் அவர்களால் தாள முடியவில்லை. வெட்டி எடுக்கப்பட்ட கையும் காலும் இன்னும் இருப்பதாகவும் வலிப்பதாகவும் கூறியவர்களையும் அவர் விவரித்தார். இல்லாத உறுப்பின் அவ்வலியைப் பின்னாளில் ஆராய்ந்தவர்களில் நம் தமிழகத்தவர் ஒருவர் முதன்மையானவர். 1951இல் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி.எஸ். இராமச்சந்திரன், 1990களில் கலிஃபோர்னியாவில், கையிழந்தவரின் முகத்தைத் தொட்டால் இல்லாத கையில் தொடுகை தெரிவதைக் காட்டினார். மூளையில் கைக்குரிய பகுதியை அண்டையிலுள்ள முகத்தின் பகுதி பற்றிக்கொள்கிறது என்பது அவர் தந்த விளக்கம். ஒரு சாதாரணக் கண்ணாடியைப் பெட்டியில் பொருத்தி, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையாகக் காணச்செய்து சிலருடைய வலியைத் தணித்தார்.

உணர்வின்மைக்கும் வலிக்கும் உள்ள உறவை மனிதகுலத்திற்கு மறுபுறத்திலிருந்து கற்பித்தது தொழுநோய். அதைக் கற்றுத்தந்தவர் இளம்பிள்ளைக்கு அயலாகிய மலையில் பிறந்தவர் என்பது பலர் அறியாதது. இன்றைய நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் கிறிஸ்தவ மதப்பணியாற்றிய தம்பதியருக்கு 1914இல் பிறந்தவர் பால் பிராண்ட். இலண்டனில் அறுவை மருத்துவம் கற்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளியின் விரல்கள் நோயால் அழுகி உதிர்கின்றன என்பது அந்நாளைய நம்பிக்கை. மருத்துவர்களுக்கும் அதுவே நம்பிக்கை. பிராண்ட் ஆராய்ந்து அவ்வாறில்லை என்றார். நோய்க்கிருமி நரம்பைத் தாக்குகிறது; வலி உணர்வு போய்விடுகிறது; வலி தெரியாதவர் அடுப்பிலிருந்து சட்டியை வெறுங்கையால் இறக்குகிறார், புண்ணான காலோடு மைல்கணக்கில் நடக்கிறார்; விரல் அப்படியே தேய்கிறது. சிலருக்கு இரவில் விரலின் பகுதி காணாமற்போவதன் காரணத்தை விழித்திருந்து பார்த்தபோது, உறங்குபவரின் விரலை எலி கடித்துத் தின்பது தெரியவந்தது. நோயாளிகளுக்குப் பூனை வழங்கினார்கள். வேலூரை அடுத்த கரிகிரி ஆய்வு நிலையமும் இப்பணியில் தோள்கொடுத்தது. 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், உணர்விழந்த கைகளுக்குச் செயற்கையான வலியறிவிப்புக் கருவி செய்ய முயன்று தோற்றார். கருவி எச்சரித்தாலும் நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை; தொல்லையானால் அணைத்துவிட்டனர். அணைக்க முடியாததாய் இருப்பதில்தான் வலியின் பயன் அடங்கியிருக்கிறது என்பதை அவர் தம் நூல்களில் எழுதினார். 2003இல் மறைந்தார்.

பிராண்டின் பணி எத்துணைப் பெரிதென்றால், தொழுநோய் என்றாலே வலியற்ற நோய் என்ற எண்ணம் மருத்துவர் மனத்தில் ஊன்றிவிட்டது. அதன் நிழலில் ஓர் உண்மை நெடுங்காலம் மறைந்திருந்தது. நோய் குணமாகி, மருந்து முடிந்து, கைகால் மரத்தே இருக்கும் பலருக்கு அந்த மரத்த இடத்திலேயே எரிச்சலும் குத்தலும் ஆண்டுக்கணக்கில் நீடிக்கின்றன. மும்பையில் மருந்து முடித்த 101 பேரை நேரில் ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வொன்று, ஐவரில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோர்க்கு நரம்பு வலி இருப்பதைக் காட்டியது. அவர்கள் முன்னரும் சொல்லியே இருந்திருப்பர். 'கதிர்' என்ற ஒரு சொல்லைத் தம் பட்டியலில் வைத்திராதவர்களின் காதில் அது ஏறவில்லை.

இனி, அறுந்த கயிற்றில் மணி அடிப்பது எங்ஙனம் என்பதைச் சுருங்கச் சொல்லலாம். தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் துணியில் அவ்விடம் வெற்றாகும், வேறொன்றும் நேராது. நரம்பு இழை அப்படிப்பட்டதன்று. தோலிலிருந்து வரும் இழைகள் பலவகை. தொடுதலை எடுத்துச் செல்லும் தடித்த இழைகள் மிக விரைவானவை. வெப்பத்தையும் வலியையும் எடுத்துச் செல்லும் மெல்லிய இழைகளிலோ செய்தி நொடிக்குச் சுமார் 1 மீட்டர் வேகத்தில் ஊர்கிறது. நீரிழிவில் மிக நீண்ட இழைகளின் நுனியே முதலில் கெடும். அதனால்தான் காலுறை அணியுமிடத்தில் தொடங்கிப் பின்னர் கையுறை அணியுமிடத்திற்கு நோய் வருகிறது. கெட்ட இழை வெளிச்செய்தியை ஏற்பதில்லை. மரத்தல் அதனால் வருவது. ஆனால் அதன் அறுந்த முனையில் சோடியம் செல்லும் வாயில்கள் மிகுந்து கூடி, தூண்டுதல் ஏதுமின்றித் தானே துடிப்பை எழுப்புகின்றன. மூளை அத்துடிப்பைப் பாதத்திலிருந்து வந்ததாகவே படிக்கிறது. எரிச்சல் அதனால் வருவது. இத்தோடும் நிற்பதில்லை. தொடர்ந்து வரும் துடிப்பால் முதுகுத்தண்டின் உயிரணுக்கள் கூர்மையேறி, சாதாரணத் தொடுதலையும் வலியாக மொழிபெயர்க்கத் தொடங்குகின்றன. இதை 1983இல் கிளிஃபோர்ட் உல்ஃப் என்பவர் விலங்கு ஆய்வில் காட்டினார். போர்வை பட்டாலே பொறுக்க முடியவில்லை என்று முதியவர் சொன்னது இதைத்தான். 1965இல் ரொனால்ட் மெல்ஸாக், பேட்ரிக் வால் ஆகிய இருவரும், வலிச்செய்தி மூளைக்கு ஏறுமுன் முதுகுத்தண்டில் ஒரு கதவைக் கடக்கிறது, அக்கதவு திறப்பதும் அடைப்பதும் பிற செய்திகளைப் பொறுத்தது என்று கூறியபோதே டேக்கார்ட்டின் கயிறு அறுந்துவிட்டது எனலாம்.

மிளகாய் அரைத்துப் பூசியது போல என்ற உவமைக்கும் ஆய்வுலகில் விடை உண்டு. மிளகாயின் காரப்பொருளும் சுடும் வெப்பமும் வலி இழையில் ஒரே வாயிலைத் திறக்கின்றன என்பதை 1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டனர். 2021இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. காரம் நாவுக்குச் 'சுடுவதாக' நம் மக்கள் சொல்வது வெறும் உவமையன்று.

மெல்ஸாக் வாழ்வில் நடந்த ஒன்றையும் இங்கே குறிப்பிட விரும்புகிறோம். இளமையில் அவர் நீரிழிவால் கால்கள் இரண்டும் அகற்றப்பட்ட ஒரு மூதாட்டியைச் சந்தித்தார். இல்லாத கால்களின் வலியை அம்மூதாட்டி விதவிதமான சொற்களால் விவரித்ததைக் கேட்டு, வலிச்சொற்களைச் சேகரிக்கலானார். 1975இல் வெளிவந்த மக்கில் வலி வினாப்படிவம் அதன் விளைவு. அதில் 78 சொற்கள் 20 தொகுதிகளாக அமைந்துள்ளன. குத்துவது, துளைப்பது, விண்விண்ணென்பது, பாரம், நமைச்சல் எல்லாம் அதில் உண்டு; மரத்தலும் உண்டு. இப்னு சீனாவின் பதினைந்தோடு அவை ஒத்திருப்பது ஒன்று மற்றொன்றின் நகல் என்பதாலன்று. ஹமதானிலும் மாண்ட்ரியலிலும் உடம்பு ஒன்றே. கேட்ட காதுகளும் ஒரே தன்மையின.

சொல் தொகுத்தாயிற்று, இனிப் பெட்டிகள் வேண்டும். 1973இல் ஜான் பொனிகா என்பவரின் முயற்சியால் சியாட்டில் நகருக்கருகே கூடிய மருத்துவர்கள் வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கத்தை உருவாக்கினர். அது 1979இல் வலிக்கு ஒரு வரையறை தந்தது. திசு கெட்டிருந்தாலும் இல்லாவிடினும் வலி வலியே என்று அதில் இடமளித்தது. நரம்பு வலிக்கு 1994இல் தந்த வரையறை நரம்பு மண்டலத்தின் பழுது மட்டுமின்றி 'செயற்கோளாறு' என்பதையும் உள்ளடக்கியிருந்தது. அச்சொல் எதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் அகன்ற வாயாக இருந்தது. காரணம் தெரியாத வலியெல்லாம் நரம்பு வலியாயிற்று. எனவே 2008இல் ஒரு குழு அதை நீக்கி, உடலுணர்வு நரம்பு மண்டலத்தின் பழுதோ நோயோ இருந்தாலே அப்பெயர் என்று சுருக்கியது. 2011இல் சங்கம் அதை ஏற்றது. அத்தோடு ஐயத்திற்குரியது, பெரும்பாலும் உறுதியானது, உறுதியானது என்று படிநிலைகளும் வகுக்கப்பட்டன. ஹதீஸ் கலை பயின்றோர் இதைப் படிக்கையில் தம் ஆசிரியர்களை நினைத்துக்கொள்வர். சான்றின் வலிமைக்கேற்ப ஒரு செய்தியைத் தரம் பிரிக்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. சுருக்கியதால் வெளியே நின்றவர்களுக்கு, பழுது காட்ட முடியாவிடினும் வலி பெருக்கமுற்ற நிலை என்ற மூன்றாம் பெட்டி 2017இல் திறக்கப்பட்டது. உலக சுகாதார அவை 2019இல் ஏற்று 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில், மூன்று மாதத்திற்கு மேற்பட்ட வலி முதன்முறையாகத் தனக்கெனத் தனி இடம் பெற்றது. நாட்பட்ட நரம்பு வலி அதன் ஏழு பிரிவுகளில் ஒன்று.

இவையெல்லாம் அறிஞர்களின் சொற்போர்தானே என்று எண்ணுவதற்கில்லை. பெட்டி மாறினால் மருந்து மாறும். வீக்கத்தையும் மூட்டுவலியையும் தணிக்கும் வழக்கமான மாத்திரை, தானே துடிக்கும் நரம்பை அமர்த்துவதில்லை. நீரிழிவுடையவர் அதை ஆண்டுக்கணக்கில் உண்டால் சிறுநீரகம்தான் கெடும். நரம்பு வலிக்கு உரியவை வேறு: மனச்சோர்வுக்கென வந்த அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெடின், வலிப்பு நோய் மருந்துகளின் குடும்பத்தைச் சேர்ந்த கபாபென்டின், பிரிகாபலின். இவையும் எல்லோருக்கும் பயன்தருவதில்லை. பயன்பெறுவோர்க்கும் பெரும்பாலும் வலி குறையுமேயன்றி அறவே நீங்காது. சென்னை நகர்ப்புறத்தில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு ஒன்று, நீரிழிவுடையோரில் 26.1 விழுக்காட்டினருக்கு நரம்புப் பாதிப்பைக் கண்டது. அவர்கள் எல்லோர்க்கும் வலி இருந்ததென்று பொருளன்று; ஆயினும் நம் தெருக்களில் ஈரத்துணி சுற்றிய பாதங்கள் எத்தனை என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

நரம்பு வலியை இனங்காணப் பிரான்சு நாட்டு மருத்துவர்கள் 2005இல் வெளியிட்ட எளிய வினாப்படிவம் ஒன்று உலகெங்கும் வழங்குகிறது. அதில் பத்தே கேள்விகள். நான்கிற்கு 'ஆம்' என்றால் நரம்பு வலி என்று ஐயுறலாம். எரிகிறதா, குளிர்ச்சியே வலிக்கிறதா, மின்சாரம் தாக்கினாற்போல் உள்ளதா, ஊசி குத்துகிறதா, நமைக்கிறதா, மரத்திருக்கிறதா என்பன அவற்றுள் சில. கேட்டு முடிக்கச் சில நிமிடங்களே ஆகும். ஆனால் இத்தகைய படிவத்தை ஆங்கில அகராதியை வைத்துத் தமிழாக்கினால் 'மரத்தல்', 'மதமதப்பு', 'திமிர்ப்பு' மூன்றும் ஒன்றாகிவிடும். இளம்பிள்ளையில் அவை மூன்றும் வேறு. ஜாலீனூஸ் அர்கிஜெனிஸோடு ஏன் சண்டையிட்டார் என்பது இந்த இடத்தில்தான் விளங்குகிறது.

முதியவரின் கதைக்கு வருவோம். திருமணம் முடிந்து சில வாரங்களுக்குப் பின், வணிக நண்பரின் மகன் அவரைச் சேலம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். நாமும் உடன் சென்றோம். இளம் பெண் மருத்துவர் ஒருவர், வயதில் நம் மகள் போன்றவர், முதியவரைக் கட்டிலில் படுக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொள்ளும்படி கூறி, கைப்பிடியில் பொருத்திய நைலான் இழை ஒன்றை அவர் பாதத்தின் பல இடங்களில் வைத்து வளையும்வரை அழுத்தினார். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் இழை அது. பால் பிராண்ட் பணியாற்றிய கார்வில்லில் தொழுநோயாளிகளின் பாதங்களில் பயன்பட்ட முறை, இன்று நீரிழிவுப் பாதங்களுக்குப் பொதுவாகிவிட்டது. பெருவிரலில் தெரியவில்லை. பாதத்தின் நடுவில் தெரியவில்லை. கணுக்காலுக்கு மேலேதான் "இப்பத் தெரியுதுங்க" என்றார்.

பின் மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, "எப்படி வலிக்குதுங்க ஐயா? உங்க வார்த்தையிலயே சொல்லுங்க" என்றார். முதியவர் மிளகாயைச் சொன்னார், போர்வையைச் சொன்னார், எறும்பு ஊர்வதைச் சொன்னார். மருத்துவர் அனைத்தையும் எழுதிக்கொண்டார். பழைய வலிமாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு, சிறுநீரகத்தை அறியும் இரத்தப் பரிசோதனைக்கும், இரவில் ஒருவேளை உண்ணும் புது மாத்திரைக்கும் சீட்டு எழுதினார்.

வெளியே வருகையில் முதியவர் திரும்பி நின்று, மேசையின் மேலிருந்த கைப்பிடியைக் காட்டி மருத்துவரிடம் கேட்டார்: "ஏனுங்கம்மா, அது என்ன நம்பர் நூலுங்க?"